கசகசா எவ்வளவு?

"கலிமாவ அப்புறம் சொல்லிக்கிடலாம், கொஞ்சம் தள்ளுட்டி."

தங்கை ஹஃப்சாவைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, சமீர் தன் செல்போனை வாப்பாவின் வாயருகே கொண்டுபோனான். அவள் ஸ்பூனிலிருந்த, மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் விரிப்பில் கொட்டியது. போகிற உயிர் கலிமாவோடு போகட்டும் என்றுதான் காலையிலிருந்து அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, சால்னா மசாலாவுக்குக் கசகசா எவ்வளவு? சோம்பு எவ்வளவு? மெதுவாச் சொல்லுங்க, ரெக்கார்டு ஆவுது."

குற்றாலம் ரோட்டில் வாப்பா கிதிர் முகம்மதுவின் பரோட்டாக் கடைக்கு அந்தச் சால்னாதான் பேர் வாங்கிக் கொடுத்தது. சீசனில் அருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்து காத்துக் கிடப்பார்கள். துபாயிலிருந்து வந்த சமீரும், கல்லாவில் உட்காரும் இன்னொரு அண்ணன் இத்ரீசும் கடையைக் கைமாற்றிவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். வாங்க வந்த விஜயசங்கரோ, மசாலா அளவையும் சேர்த்துத் தந்தால்தான் ஆச்சு என்று கறாராகச் சொல்லிவிட்டார். "விக்காண்டாம், நான் நடத்துதேன்" என்று ஹஃப்சா சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வாப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கி ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து பின்னறைக் கதவைத் தாழிட்டு அவர் நாற்காலியில் இருப்பார். அளந்து, வறுத்து, அரைப்பதெல்லாம் ஹஃப்சா. கை நடுக்கம் வெளியே தெரிவதில் அவருக்கு வெட்கம். மகள் டீ கொண்டுபோகிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவள் விரலில் ஏறிக் கிடக்கும் பட்டை, சோம்பு வாசம்கூட இவர்கள் மூக்குக்கு எட்டியதில்லை.

வாப்பா கண்ணைத் திறந்தார். "ஹஃப்சா" என்றார்.

"அவ இங்கனதான் நிக்கா. கசகசா எவ்வளவு, அதச் சொல்லுங்க."

"ஹஃப்சா..."

"தண்ணிக்குத் தேடுதாவ போல" என்றான் இத்ரீஸ். "குடுட்டி. தொண்ட நனஞ்சா பேசுவாவ."

கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். இந்த இரண்டு பேருக்கும்தான் அது ஏறவில்லை. ஹஃப்சா தண்ணீர் ஊட்டினாள், கலிமா சொன்னாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. உதடு அசைந்ததா என்று அவளால் பார்க்க முடியவில்லை. இடையில் போன் இருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவை அடக்கிவிட்டு வந்தார்கள். மையத்து வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு நூருன்னிசா கறியும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன்மார் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். வாப்பாவின் இழுப்பு அறை முழுக்கக் கேட்டது. சமீர் அதைக் கேட்டபடியே எலும்பை உறிஞ்சினான். ச்சீ, இதுவும் ஒரு பிறப்பா என்று அவளுக்கு இருந்தது.

"ஏட்டி, வாப்பா எதுலயாவது எழுதி வச்சிருக்காவளா? நீதான உள்ள போய் வருவ" என்றான் சமீர்.

"டீ குடுக்கத்தான போனேன்" என்றாள்.

எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனாள். சோப்பைப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். உள்ளே வாப்பா இன்னொரு தரம் அவள் பேரைச் சொன்னார். அவள் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.