வலது கைக்கு யார் போடுவது?

1

இந்தக் கதை ஒரு ஒற்றெழுத்தால் பிறந்தது. மறைப்பானேன், முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தங்கை மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போயிருந்தேன். 'வாழ்த்துக்கள்' என்று எழுதி வந்தது. "நடுவுல 'க்' வேண்டாமே, 'வாழ்த்துகள்' போதும்" என்றேன். பின்னால் நின்ற வரிசை என்னை முறைத்தது. எழுதிய பெண் மட்டும் முறைக்கவில்லை. "ஒரு எழுத்து கம்மியா? எனக்கு வேலை மிச்சம்க்கா" என்று சொல்லிவிட்டு, சின்னக் கத்தியால் அந்த 'க்'கை வழித்துத் தட்டின் ஓரத்தில் உதறினாள். கண்ணாடித்தாள் போன்ற கையுறைக்குள் அவள் கைகள் தெரிந்தன. இரண்டிலும் மருதாணி. இடது கையில், அச்சில் வார்த்தது போல ஒரு கொடி. வலது கையில் அதே கொடி, ஆனால் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வரைந்தது போல.

"ரெண்டு பேர் போட்டாங்களா?"

"ஒரே ஆள்தான்க்கா. நானேதான்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான். போன வாரம் முடிஞ்சுது."

மீதியை அவள் மூன்று தவணையாகச் சொன்னாள். அதற்காகத் தேவையில்லாத மூன்று கேக்குகள் வாங்கினேன். வீட்டில் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடையில் அவளுக்கு 'எழுத்துக்காரி' என்று பெயர். கேக்கின் மேல் எழுதுவது அவள் வேலை. ஆக, இந்தக் கதையில் எழுத்துக்காரிகள் இரண்டு பேர். அவளுடையதை மக்கள் விரும்பித் தின்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுதிப் பார்த்தவை:

'பெண்ணின் கைகள் காலங்காலமாகப் பிறர் கோலமிடும் வெற்றிடங்களாகவே —' (இதை எழுதியவள் நான்தானா? அடித்துவிட்டேன்.)

'அவள் தன் விதியைத் தானே எழுதிக்கொள்ள முடிவு செய்தாள்.' (இதைப் போய் அவளிடமே படித்துக் காட்டினேன்.)

"விதியா? அதெல்லாம் இல்லக்கா" என்றாள் எழுத்துக்காரி. "எனக்குக் கூசும்."

"என்னது?"

"உள்ளங்கையில யாராச்சும் விரலை வச்சா போதும், சிரிப்பு அடக்க முடியாது. என் ஃப்ரெண்டு கல்யாணத்துல மருதாணி போட வந்த அம்மா என் கையைத் தொட்டாங்க. நான் துள்ளின துள்ளுல அவங்க புடவை பாழாப் போச்சு. அதான் என் கல்யாணத்துக்கு நானே போட்டுக்கலாம்னு."

சுதந்திரம், சுயம் என்று நான் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். காரணம் கூச்சம்தான். தன் கை தன்னைத் தொட்டால் கூசாதல்லவா, அவ்வளவுதான் தத்துவம்.

3

கிரீம் கோன் பிடிப்பது அவளுக்குக் கைவந்த வேலை. ஒரு நாளைக்கு நாற்பது கேக். ரோஜா, இலை, முத்துவரிசை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். வலது கையால். அதனால் இடது கைக்குக் கவலையில்லை. வலது கைக்கு யார் போடுவது? இடது கைதான் போட்டாக வேண்டும். அதற்கோ பல் தேய்க்கக்கூடத் தெரியாது.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கினாள். கடையில் மிஞ்சிய கிரீமை எடுத்து, காலித் தட்டுகளில் இடது கையால் கோடு இழுத்தாள். முதல் வாரம் கோடு மண்புழுவாக நெளிந்தது. மூன்றாவது வாரம் வட்டம் வட்டமாக வந்தது. ஐந்தாவது வாரம் ஓர் இலை, தூரத்திலிருந்து பார்த்தால் இலை என்றே சொல்லலாம்.

"கல்யாணப் பொண்ணு கை கோழி கிளறின மாதிரி இருந்தா சிரிக்க மாட்டாங்களா?" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அதுவும் அந்தம்மா முன்னாடி!"

அந்தம்மா என்றால் வருங்கால மாமியார். இருபத்தொன்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். கல்யாணம் பேசி முடித்த நாளில் எழுத்துக்காரியிடம் அவர் பேசியது நான்கே வாக்கியம். நான்காவது: "நகத்தை ஒட்ட வெட்டிக்கோ." அன்றிலிருந்து அவர் பேச்சு எழுந்தாலே இவள் தன் நகங்களைப் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளை நல்ல மனிதர். கதையில் அவருக்கு வேலை இல்லை.*

(* இதைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளை தனக்கு ஒரு வசனமாவது வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இதோ: "ரெண்டு கையும் ஒண்ணு போலத்தான் இருக்கு." புதுக் கணவர் சொன்ன பொய், மன்னித்துவிடலாம்.)

4

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு. காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு இடது உள்ளங்கை முடிந்தது. மணிக்கட்டில் தொடங்கிய கொடி சுண்டுவிரல் நுனிவரை ஏறி, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முத்துவரிசை விட்டிருந்தது. அவளுக்கே பெருமை தாங்கவில்லை. கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது.

அப்பா மண்டபத்துக்குப் போயிருந்தார். அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுத்துக்காரி இடது கையை ஏந்தியபடி ஓடி, வலது கையால் கதவைத் திறந்தாள். வாசலில் மாமியார், கையில் தைத்து வந்த ரவிக்கைப் பை.

[இங்கே முதல் வரைவில் மாமியாரை வில்லியாக எழுதியிருந்தேன். புருவம் உயர்கிறது, உதடு சுழிகிறது, இன்ன பிற. எழுத்துக்காரி படித்துவிட்டு, "இவங்க யாருக்கா? எங்க அத்தை இல்லையே" என்றாள். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.]

"வாங்கத்தை" என்று பதறிப் பின்வாங்கியவள், கல்யாணத்துக்கு வாங்கிக் குவித்திருந்த செருப்புகளில் ஒன்றில் கால் வைத்துச் சறுக்கினாள். நர்ஸம்மா யோசிக்கவில்லை. எது கீழே விழப் போனாலும் பிடித்துப் பழகிய கை அது. பாய்ந்து பிடித்தார். பிடித்தது, ஈரம் காயாத இடது உள்ளங்கையை.

இருவரும் நிமிர்ந்தார்கள். கைகள் மெல்லப் பிரிந்தன. எழுத்துக்காரியின் கொடி பாதி காணாமல் போயிருந்தது. காணாமல் போன பாதி, மாமியாரின் வலது உள்ளங்கையில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி விழுந்திருந்தது.

நர்ஸம்மா தன் கையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விறுவிறுவென்று கை கழுவும் தொட்டியை நோக்கி நடந்தார். கறை பட்டால் கழுவுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

"கழுவாதீங்க!"

வருங்கால மாமியாரைப் பார்த்து மருமகள் போட்ட முதல் கட்டளை. சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏன்?" என்றார் அவர், குழாயில் கை வைத்தபடி.

"இல்லத்தை... எந்தக் கோடு எங்க போச்சுன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. உங்க கையைப் பார்த்தாத்தான் தெரியும்."

குழாய் திறக்கவில்லை. நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார்.

"பார்த்துக்கோ" என்றார்.

5

கிரீமில் தப்பு வந்தால் வழித்துவிடலாம். மருதாணியை வழித்தாலும் அடியில் நிறம் நின்றுவிடும். அதனால் எழுத்துக்காரி ஒன்றையும் வழிக்கவில்லை. மாமியாரின் கையைப் பார்த்துப் பார்த்து, இடவலம் மாற்றி, தன் கையில் விட்டுப்போன கோடுகளை மறுபடி இழுத்தாள். பரீட்சையில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து எழுதுவது போல. அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் அவ்வப்போது, "அந்த இலை இன்னும் கொஞ்சம் மேல" என்று உதவியும் செய்தார்.

முடிந்ததும் எழுத்துக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க கை பாதியில நிக்குதே அத்தை. முடிச்சுடட்டுமா?"

"எனக்கெதுக்கு அதெல்லாம்? கையில ஒரு பொட்டு கலர் வச்சதில்ல. தியேட்டர்ல விட மாட்டாங்க."

"இப்பத்தான் ரிட்டயர் ஆயிட்டீங்களே."

நர்ஸம்மா சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று நான் எழுத வேண்டும், எழுத்தாளர்கள் அப்படித்தான் செய்வார்கள். 'இருபத்தொன்பது வருடங்களும் அவர் கண்முன்னே —' வேண்டாம். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "சரி, சீக்கிரம் முடி" என்றார்.

எழுத்துக்காரி தன் ஈர இடது கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மாமியாரின் உள்ளங்கை நடுவில் கோன் முனையை வைத்தாள். கை வெடுக்கென்று இழுபட்டது.

"என்னாச்சு அத்தை, வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. போடு."

மறுபடி வைத்தாள். இந்த முறை நர்ஸம்மாவின் மூக்கிலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. தோள்கள் குலுங்கின. உதட்டை இறுக்கிப் பிடித்தார், பலிக்கவில்லை. அத்தனை வருடங்களாக டாக்டர்களையே நடுங்கவைத்த முகம் உடைந்து, "ஐயோ... விடு விடு... கூசுது!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உங்களுக்குமா அத்தை!" என்று கத்தினாள் எழுத்துக்காரி. அப்புறம் அவளும் சேர்ந்துகொண்டாள். ஒருவர் அடங்கினால் மற்றவர் ஆரம்பித்தார்.

காலி வாளியோடு உள்ளே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். மகள் மேசையில் கவிழ்ந்து சிரிக்கிறாள். சம்பந்தியம்மா மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"சம்பந்தியம்மா... உங்களுக்குமா கல்யாணம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். அதற்கு இன்னும் கால் மணி நேரம் சிரித்தார்கள்.

வலது கை மாட்டிக்கொண்டதால் நர்ஸம்மாவால் சாப்பிட முடியவில்லை. மத்தியானம் எழுத்துக்காரியே பிசைந்து ஊட்டினாள். கல்யாணத்துக்கு முன்பே மாமியாருக்குச் சோறு ஊட்டிய மருமகள் என்று அவள் இன்றும் பெருமை பேசிக்கொள்கிறாள்.

6

மூன்று மணிக்கு இருவரும் காய்ந்த மருதாணியை உதிர்த்தார்கள். இனி வலது கை. எழுத்துக்காரி கோனை இடது கைக்கு மாற்றினாள். முனை உள்ளங்கைக்கு மேலேயே நின்றது.

"நான் போடவா?" என்றார் நர்ஸம்மா. "என் கை நடுங்காது."

இந்த இடத்தில்தான் நான் மூன்று நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். 'சரி' என்றால் ஆறு வாரப் பயிற்சி வீண். 'வேண்டாம்' என்றால், இப்போதுதான் சிரித்த முகம் மறுபடி மூடிக்கொண்டுவிடலாம். பெண்ணும் அதே பயத்தில்தான் இருந்தாள். அவள் சொன்னது இது:

"நானே போட்டுக்கறேன் அத்தை. நல்லா வராது. ஆனா நானே போட்டுக்கறேன்."

நர்ஸம்மா சட்டென்று எழுந்து போனார். எழுத்துக்காரிக்கு உயிரே போய்விட்டது. உள்ளேயிருந்து தண்ணீர் சத்தம். இடது கையை மட்டும் முழங்கை வரை கழுவித் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் பஞ்சு, குண்டூசி, துணி, மாற்று கோன் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி எடுத்து வந்து அவளுடைய இடப்பக்கம் நின்றார்.

"ம். ஆரம்பி" என்றார்.

கோன் முனை அடைத்தது. கேட்பதற்குள் ஊசி வந்தது. ஒரு சொட்டு தவறி விழுந்தது. விழுந்த வேகத்தில் பஞ்சு வந்தது. நெற்றியில் வியர்த்தது, துணி ஒற்றியது. பெரிய டாக்டருக்கு எப்படி நின்றாரோ, அப்படியே நின்றார், இரண்டு மணி நேரம், உட்காராமல். ஒரு முறைகூட "இப்படிப் போடு" என்று சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு எழுத்துக்காரி கோனைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கொடி எங்கெங்கோ முட்டி மோதித் திரும்பியிருந்தது. ஓர் இலை மீன் போல இருந்தது.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா இல்ல" என்றார் நர்ஸம்மா, உள்ளதை உள்ளபடி. பிறகு பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டே, "வெளில சொல்ல மாட்டேன். தியேட்டர்ல நடந்தது தியேட்டரோட" என்றார்.

7

கல்யாணம் நன்றாகவே நடந்தது. கூட்டம் வரிசையாக மேடையேறி வாழ்த்தியது. மாப்பிள்ளை வீட்டு உறவுக்கார அம்மாள் ஒருவர் மணப்பெண்ணின் கைகளைப் புரட்டிப் பார்த்து, மேடைக்கே கேட்கும்படி, "இடது கை பிரமாதம்! வலது கைக்கு வேற ஆள் கிடைக்கலையா?" என்றார். எழுத்துக்காரி கையை மாலைக்குள் மறைத்துக்கொண்டாள். எங்கே நின்றிருந்தாரோ, நர்ஸம்மா வந்துவிட்டார். உறவுக்காரரின் மூக்குக்கு நேரே தன் வலது உள்ளங்கையை விரித்தார். அது நன்றாகச் சிவந்திருந்தது.

"ஆள் கிடைச்சாளே. எனக்கும் அவதான் போட்டா" என்றார்.

உறவுக்காரர் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நகர்ந்தார். நர்ஸம்மா மருமகளின் காதருகே குனிந்து ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில், அதற்குப் பிறகு எடுத்த பதினோரு படங்களிலும் கண் மூடியே இருக்கிறது. போட்டோக்காரர் இன்னும் வருந்துகிறாராம்.

என்ன சொன்னார்? அதை எழுத்துக்காரி எனக்குச் சொல்லவில்லை. நானே மூன்று எழுதிக் கொண்டுபோனேன்.

(அ) "அந்தம்மா மூக்குக் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்திருக்காங்க."

(ஆ) "என் பையன் கையெழுத்தைப் பார்த்திருக்கியா? இது எவ்வளவோ மேல்."

(இ) அவர் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்வது போலக் குனிந்தார், அவ்வளவுதான்.

அவள் கவுன்ட்டரில் சாய்ந்து மூன்றையும் நிதானமாகப் படித்தாள். "எதுவும் இல்லக்கா. ஆனா ரெண்டாவதை நான் வச்சுக்கறேன், வீட்டுல உதவும்." தாளை மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டு அடுத்த கேக்கை இழுத்தாள். "விடுங்கக்கா, அது எனக்கும் அத்தைக்கும்."

எனக்குச் சொல்லாததை நான் எப்படி எழுத? அதனால் பேனாவை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். ஒரே நிபந்தனைதான். காலையிலிருந்து நின்று கால் வலிக்கிற, பசியில் இருக்கிற, கழுத்து கனக்க மாலை போட்டிருக்கிற ஒரு பெண், அதைக் கேட்டதும் கண்ணை மூடிச் சிரித்தாக வேண்டும். அவசரமில்லை, யோசித்து எழுதுங்கள்.

அத்தை குனிந்து சொன்னார்: "                                        "