படம்: ஜெயந்தா

ஊர்ப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ‘படம்: ஜெயந்தா’ என்று வரும். நிமலினிக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. உறுத்தவும் செய்யும், தேய்க்காமல் இருக்கவும் முடியாது. அதைவிடக் கொடுமை, அந்தப் பெயரை அங்கே போட்டுவிட்டது அவளேதான்.

ஊர்காவற்றுறையில் தியாகலிங்கத்தார் வைத்திருந்த கொமினிகேசன் கடையில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிற சனத்துக்கு இரண்டு போன் கூண்டு, ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஒரு கொம்பியூட்டர். சண்டை ஓய்ந்து பாதை திறந்து ஒரு வருசத்துக்குள் தீவுப்பகுதிக்கு வந்து சேர்ந்த அந்தக் கொம்பியூட்டரை அவளைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. தியாகலிங்கத்தாருக்கு அதில் தூசி தட்டவே பயம்.

அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஜெனோசன் பாரிசில் இருந்துகொண்டு ஊருக்கென்று ஓர் இணையப்பக்கம் நடத்தினான். படங்கள் அனுப்பச் சொல்லி அவன்தான் கேட்டான். படம் எடுக்கக் கமரா வேண்டுமே. கமரா ஜெயந்தாவிடம் இருந்தது. கனடாவிலிருந்து வந்த மாமன் விட்டுவிட்டுப் போன டிஜிற்றல் கமரா. ஜெயந்தாவும் அதே வகுப்புத்தான், பக்கத்து ஒழுங்கைதான். கொம்பியூட்டரை எந்தப் பக்கத்தால் போடுவது என்றே தெரியாது. ஆனால் கண் மட்டும் நல்ல கண். அதை நிமலினியால் மறுக்க முடியவில்லை. மறுக்க முடிந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

ஒரு படக்கோப்பின் உள்ளேயே எழுதி வைக்க இடம் உண்டு. அதில் இருப்பது யார், எந்த இடம், என்ன நாள், எடுத்தது யார் என்று எழுதிவிட்டால், படம் எங்கே போனாலும் எழுத்தும் கூடவே போகும். ஜெனோசனின் பக்கம் அதை வாசித்துப் படத்துக்குக் கீழே தானாகவே காட்டும். இந்த வித்தையைக் கண்டுபிடித்த நாளில் நிமலினிக்குத் தலைகால் புரியவில்லை. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினாள். ‘கத்தரீனாக்கா வலை பொத்துகிறா. பக்கத்தில் படுத்திருக்கும் நாய் அவவுடையது அல்ல, மீனுக்காக உறவு கொண்டாடுகிறது.’ இப்படி ஒவ்வொரு படத்துக்கும். எடுத்தவர் என்ற இடத்தில் நேர்மையாக ஜெயந்தாவின் பெயரைப் போட்டாள். எழுதியவருக்கும் ஓர் இடம் இருந்தது. அதை வெறுமையாக விட்டாள். தன் பெயரைத் தானே எழுதுவதாவது? யாராவது கேட்காமலா போவார்கள் என்று நினைத்தாள்.

ஒருவரும் கேட்கவில்லை. ‘ஜெயந்தா தங்கச்சி, படமும் அருமை, எழுத்தும் அருமை’ என்று சுவிசிலிருந்து ஒருவர் எழுதினார். நோர்வேயிலிருந்து ஒருவர் ஜெயந்தாவின் நகைச்சுவை உணர்வை மெச்சினார். நிமலினி அதை வாசித்துவிட்டுக் கொம்பியூட்டரை நிற்பாட்டினாள். அன்று போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களெல்லாம் பேச்சு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துப் போனதற்குக் காரணம் ஜெனோசன். அவனுடைய மின்னஞ்சல்கள் ‘நீர் சுகமா இருக்கிறீரா’ என்றுதான் தொடங்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் ஒரு கிழமையை ஓட்டிவிடுவாள். அவள் இருபத்தேழு வயதுக்காரி, ஒன்றும் விளங்காத பேய்ச்சியுமில்லை. ஆனாலும் ஓட்டினாள்.

கார்த்திகை பிறந்தது. அது செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் மாதம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஆட்களின் கிடங்குகளில் மண் ஏற்றி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திப் படம் அனுப்பச் சொல்லி ஜெனோசனுக்கு எழுதினார்கள். கடற்கரையோரச் சேமக்காலையில் பெயர் பொறித்த கல்லறைகள் சொற்பம். மற்றதெல்லாம் மணல்மேடுதான். இடம்பெயர்ந்து திரும்பி வருவதற்குள் மரச்சிலுவைகளும் விறகாகவோ உக்கலாகவோ போய்விட்டன. எந்த மேட்டுக்குள் யார் என்பது கோவில் வேலை பார்க்கும் பத்திநாதருக்குத்தான் தெரியும். அவர் காட்டிக்கொண்டு முன்னால் நடக்க, ஜெயந்தா படம் எடுத்தாள். நிமலினி ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் நின்ற இரண்டு மேடுகளைக் காட்ட பத்திநாதர் தேவையில்லை. ஒன்று நிமலினியின் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை. மற்றது அடுத்த வளவு நீக்கிலாப்பிள்ளை. மழைக்காலத்தில் வேலி அடைக்கிற ஒவ்வொரு தடவையும் கதியால் அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு சாண் நகரும். அதற்காக இருவரும் சாகும்வரை பேசாமல் இருந்தவர்கள். செத்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் இடம் விழுந்தது, நடுவில் வேலியுமில்லை. நீக்கிலாப்பிள்ளையின் மனைவி றோசம்மா இப்போது மொன்றியலில். அவவின் பெயரை நிமலினியின் தாய் எமிலி இன்றைக்கும் வாயால் சொல்லமாட்டா.

தகப்பனின் மேட்டைச் சுற்றி நிமலினி கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை அடுக்கினாள். லண்டனில் இருக்கும் அண்ணன் ஜெனிஸ்ரன் பார்ப்பானே என்று, பெரிய சிப்பி வெளியே சின்னது உள்ளே என்று பார்த்துப் பார்த்து அடுக்கினாள். ஜெயந்தா குனிந்து படம் எடுத்துவிட்டு, “வடிவா வந்திருக்கு,” என்றாள். சிப்பியைச் சொன்னாளா படத்தைச் சொன்னாளா என்று நிமலினி கேட்கவில்லை.

மறுநாள் கடையில் இருந்து ஒவ்வொரு படத்துக்குள்ளும் பெயர்களை எழுதி முடித்தாள். அனுப்பத் திறந்தபோது ஜெனோசனின் மின்னஞ்சல் காத்திருந்தது. நீர் சுகமா இருக்கிறீரா. அதற்குப் பிறகு விசயம்: கார்த்திகைக் கடைசி ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு அவனுடைய தாய் மாக்கிறேற் கடைக்குப் போன் எடுப்பாவாம். ஜெயந்தாவையும் தாயையும் அந்த நேரம் அங்கே நிற்கச் சொல்ல வேண்டுமாம். ‘என்ன விசயம் எண்டு உமக்கு விளங்கும்தானே. நீர்தான் எனக்குத் தெரிஞ்ச நம்பிக்கையான ஆள்.’

அவளுக்கு விளங்கியது. கலியாணப் பேச்சு. நம்பிக்கையான ஆளாம்.

போன் லைனில் பெரிய படங்கள் போகாது. அனுப்பும் முன்பு சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் சரி போட்டிருந்தால் படத்துக்குள் எழுதிய விவரமெல்லாம் சிறிய படத்துக்கும் போகும். எடுத்துவிட்டால் வெறும் படம்தான் போகும். நிமலினி அந்தச் சரியை எடுத்துவிட்டாள். ஜெயந்தாவின் பெயர் ஒருமுறையாவது இல்லாமல் போகட்டும், ஒரேயொரு முறை. அந்தக் கோபத்தில் அவளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. தான் உட்கார்ந்து எழுதிய பெயர்களும் அதே கட்டத்துக்குள்தான் இருக்கின்றன என்பது தெரியாதவளா? தெரியும். எரிச்சல் வந்தால் தெரிந்ததும் தெரியாமல் போகும். அனுப்பினாள். ஜெயந்தாவிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. போன் லைன் செத்து, அதைத் திருத்த ஒரு கிழமைக்கு மேல் சென்றது. அந்த இடைக்குள் ஜெனோசன் பெயர்களைக் கேட்டு எழுதியிருந்தான், பதில் இல்லை. வெளிநாட்டுச் சனம் அவனைப் பிய்த்துத் தின்றது. ஆத்துமாக்களின் மாதம் முடியப்போகிறது, எங்கள் படம் எங்கே என்று. கேட்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை படங்கள் இருந்தன. கேட்ட ஒழுங்கில்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைத்து, ஒழுங்கின்படி பெயர்களைத் தானே போட்டுவிட்டான். சிலது தற்செயலாகச் சரிவந்தது.

லைன் வந்த அன்று முதல் அடித்த போன் மொன்றியலிலிருந்து. றோசம்மா. இத்தனை வருசத்தில் நிமலினியின் குடும்பத்தோடு அவ பேசுவது அதுதான் முதல் தடவை. குரல் தழுதழுத்தது. படத்தைப் பெரிதாக அச்சடித்து மாதா சுருவத்தடியில் வைத்திருக்கிறாவாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் கூடி ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னால் செபமாலை சொல்லுகிறார்களாம். சின்னப் பேத்தி படத்தைக் கொஞ்சிவிட்டுத்தான் படுக்கப் போகிறாளாம். நிமலினிக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

“அந்தாளுக்கு இவ்வளவு வடிவா ஆர் செய்வினம் எண்டு நினைச்சன்,” என்றா றோசம்மா. “சுத்திவரச் சிப்பி அடுக்கினது ஆர் பிள்ளை? ஜெயந்தாவே? அவள்தான் படம் எடுக்கிறவளாமே. அவளுக்குச் சொல்லு, நான் கையெடுத்துக் கும்பிட்டன் எண்டு.”

ஜெயந்தாவின் பெயரை அழித்தாயிற்று, இந்தப் படங்களுக்குக் கீழே ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் ஊர் வாயில் அது பத்திரமாக இருக்கிறது. காணாமல் போனது அப்பாவின் பெயர். நிமலினி தன் கையால் அடுக்கிய சிப்பி ஜெயந்தாவின் கணக்கில் போய்விட்டது. அவளுடைய அப்பா வேலிக்கு அங்கால் ஆளின் பெயரோடு மொன்றியலில் ஒரு சுருவத்தடியில் இருக்கிறார். அப்படியென்றால் அண்ணன் லண்டனில் யாருடைய மேட்டைப் பார்த்து அழுதிருப்பான்?

“ஜெயந்தா இல்லை மாமி,” என்றாள். “சிப்பி அடுக்கினது நான். அது என்ர அப்பான்ர கிடங்கு. படத்தில இருந்த பேரெல்லாம் என்னாலதான் இல்லாமல் போச்சு.”

றோசம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டா.

“பஸ்ரியாம்பிள்ளைக்கே நாங்கள் இவ்வளவு செபமும் சொன்னது?”

“ஓம் மாமி.”

“சொன்னதைத் திருப்பி எடுக்கேலாது. அந்தாளே வைச்சிருக்கட்டும்.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்ர மனிசன்ர படத்தைச் சரியாப் பேர் போட்டு அனுப்பு பிள்ளை. கொம்மாவுக்கு இதைச் சொல்லிப் போடாதை,” என்றா.

பெரிய படங்கள் கொம்பியூட்டரில் எழுத்தோடு அப்படியே கிடந்தன. நிமலினி மறுபடி சிறிதாக்க உட்கார்ந்தாள். இப்போது இன்னொரு வழியும் தெரிந்தது. கட்டத்தில் சரி போட்டுவிட்டு, எடுத்தவர் பெயரை மட்டும் ஒவ்வொரு படமாகத் திறந்து அழிக்கலாம். அப்பாவின் பெயரும் இருக்கும், றோசம்மாவின் மனிசன் பெயரும் இருக்கும், ஜெயந்தா இருக்கமாட்டாள். யாருக்கும் தெரியவும் வராது. முதல் படத்தைத் திறந்து, அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அது அப்பாவின் படம். குனிந்து, முழங்கால் ஈரமணலில் பட, மெழுகுதிரி காற்றில் அணையமுன் ஜெயந்தா எடுத்த படம். அவள் எடுக்காவிட்டால் சிப்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. சனியன் பிடித்தவளுக்கு நல்ல கண்.

பெயரை விட்டாள். வெறுமையாக இருந்த மற்ற இடத்தில் ‘எழுத்து: நிமலினி’ என்று எழுதினாள். எல்லாப் படங்களிலும் எழுதினாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுதினாள். கட்டத்தில் சரி போட்டு அனுப்பிவிட்டு, நடந்ததை ஜெனோசனுக்கு ஒளிக்காமல் எழுதினாள். பிறகு தியாகலிங்கத்தாரிடம் சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். அன்று சனிக்கிழமை. நாளைதான் கடைசி ஞாயிறு.

ஜெயந்தா கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமலினி சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னாள். மாக்கிறேற் மாமி எடுப்பா, நாளைக்குப் பின்னேரம் நான்கு மணி, தாயையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ‘என்ன விசயம் எண்டு விளங்கும்தானே’ என்றதையும் சொன்னாள். ஜெயந்தாவின் முகம் சிவந்தது. சாம்பல் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

“எப்ப எழுதினவன்?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். மழை, லைன் செத்துப் போச்சு என்று சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும் இருந்தது.

“சேமக்காலைப் படம் எடுத்ததுக்கு அடுத்த நாள்.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“எரிச்சல்,” என்றாள் நிமலினி.

ஜெயந்தா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தேய்த்த சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு என்ன உடுப்பது என்று மெதுவாகக் கேட்டாள். போனில் உடுப்புத் தெரியாது என்று நிமலினிக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

“அந்த நீலச் சீலையை உடு,” என்றாள். அது ஜெயந்தாவுக்கு எடுப்பாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். ஒழுங்கை முடியுமட்டும் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.