மீனுக்குள் பேச்சு

மச்சினனுக்கு நான் தர வேண்டியது ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது. அவன் அக்காவின், அதாவது என் மனைவியின், ஆபரேஷனுக்கு வாங்கியது. அவள் பிழைக்கவில்லை. கடன் நல்ல திடமாக இருந்தது.

அதனால் எண்ணெய்த் தொட்டி கழுவப் போனேன். இரட்டைக் கூலி. தோள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே இறங்கி, அடியில் படிந்த கசடைச் சுரண்டி வாளியில் மேலே அனுப்ப வேண்டும். இடுப்பில் கயிறு. வெளியே இருப்பவன் அவ்வப்போது ஓர் இழுப்பு இழுப்பான். பதிலுக்கு இழுத்தால் உள்ளே இருப்பவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

முதல் நாளே மூச்சு முட்டியது. காற்று இருந்தது, நெஞ்சுதான் வாங்கவில்லை. பாதியில் ஏறி வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே.

"எட்டிப் பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன பொண்ணு பாக்கற வீடா? நாளைக்கும் ஏறி வந்தா அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டு," என்றார் மேஸ்திரி.

அன்று மாலை மனைவியின் பைபிளை எடுத்தேன். படுக்கையில் கிடந்தபடி அவள்தான் எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்தாள். பொழுது போகவில்லையாம். அவள் அடையாளத்துக்கு நூல் வைத்திருந்த பக்கத்தில் ஒருவரை மீன் விழுங்கியிருந்தது. நான் எழுத்தெழுத்தாகப் போகிறவன். அவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

காலையில், கயிறு பிடிக்கும் கட்டையனிடம் சொன்னேன்.

"மீனுக்குள்ள மனுஷனா? எவ்வளவு பெரிய மீனு?"

"அது எழுதலை."

"அப்போ புளுகு."

"மீனைப் பத்தின கதை இல்லப்பா. உள்ள மாட்டிக்கிட்டவனைப் பத்தின கதை. மீனு எதுவா வேணா இருக்கலாம்."

அவன் தொட்டியைப் பார்த்தான். "சரி, உள்ள என்ன பண்ணாரு?"

"முட்டி மோதலை. பேசினாரு."

"அதுக்குக் கூலி உண்டா?"

இறங்கினேன். நெஞ்சு அடைத்தது. பேசினேன். அவரைப் போலக் கடவுளிடம் பேசிப் பழக்கமில்லை. "சாமி"க்கு மேல் வார்த்தை வரவில்லை. மனைவியிடம் பேசினேன். உன் தம்பிக்கு இவ்வளவு பாக்கி, இந்த வாரம் இவ்வளவு கழியும், சரியா, பார்த்துச் சொல். தொட்டி என் குரலைக் கனமாக்கித் திருப்பித் தந்தது. கணக்குச் சொல்லச் சொல்லக் கை சுரண்டியது. வாளி நிறைந்தது.

"யோவ், இனிமே நீ பேச்சை நிறுத்தினாத்தான் கயித்தை இழுத்துப் பாக்கணும்!" என்று மேலிருந்து கத்தினான் கட்டையன்.

வாரா வாரம் கட்டினேன். கடைசித் தவணையை மச்சினன் எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

"நூறு கூட இருக்கு மாமா. யாரு கணக்குப் போட்டது?"

"உங்க அக்காதான். தொட்டிக்குள்ள."

"அவளுக்கு என்னைக்குக் கணக்கு வந்துச்சு?" என்று நூறை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, குனிந்து செருப்பைத் தேடினான். செருப்பு காலில்தான் இருந்தது.

கடன் தீர்ந்தது. மறுநாள் தொட்டிக்குள் அவளிடம் பேச வேறு ஏதாவது தேட வேண்டியிருந்தது.