தலைவர் இன்னும் சாப்பிடவில்லை

தலைவரின் வாழ்க்கைப் படம் ஓட ஆரம்பித்தபோது நான் சின்னப் பெண். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்லூரி முடித்தேன். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி என்று கூப்பிட்டு நடுவர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விருதுக்காகப் படத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். படம் இன்னும் பாதியைத் தாண்டவில்லை.

முன்வரிசை நடுவர் ஒருவர் ஓய்வு பெற்றார். திரையை மறைக்காமல் குனிந்து மாலை வாங்கிக்கொண்டார்.

இப்போது ஓடும் காட்சியில் தலைவர் எங்கள் காலனிக்கு வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். வீடு எங்கள் வீடேதான். பரிமாறுகிறவள் என் அம்மாவேதான். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் படக்காரர்கள் வந்து, ஒரு கரண்டி சோறு வைத்தால் போதும் என்றார்களாம். அம்மா திரைக்குள் போனாள். வெளியே வரவில்லை.

இலையில் உட்கார்ந்தவர் சாப்பிட்டு எழாமல் அம்மா அந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். தலைவர் சோற்றில் கை வைக்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பக்கத்தில் அவர் கையோடு கொண்டுவந்த தண்ணீர்க் கூஜா.

மூத்த நடுவர் வேதமூர்த்தியிடம் கேட்டேன்.

"இவரு எப்போ சார் சாப்பிடுவாரு?"

"சாப்பிட மாட்டாரும்மா. உக்காந்ததுதான் வரலாறு."

"அது எங்கம்மா சார்."

"பிரமாதமா நடிக்கிறாங்க."

"நடிக்கல. கால் கடுக்க நிக்கிறாங்க."

"அதான் சொல்றேன். என்ன இயல்பு!"

"படம் எப்பதான் முடியும்?"

"தலைவருக்கு ஏதும்மா சாவு?"

"அப்ப இந்தக் காட்சிய வெட்டுங்க."

"வெட்டிடலாம். உங்கம்மாவும் சேர்ந்து போயிடுவாங்க. பரவாயில்லையா?"

நான் எழுந்து நடந்தேன். திரை ஈரத் துணி மாதிரி விலகியது. உள்ளே எங்கள் வீட்டுப் புகை வாசனை.

அம்மா என்னைவிடச் சின்னவளாக இருந்தாள். கையில் கரண்டி. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"அம்மா, நான்தான். அன்புக்கொடி."

"எம்பொண்ணு பேரும் அதான் மேடம்," என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பெரிய படிப்பு படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்க சொன்னா கேப்பாரு. கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்க மேடம். புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்துரும். வீட்ல ஆளில்லன்னா அழும்."

தலைவரிடம் சொன்னேன். சிரித்தார். மறுபடியும் சொன்னேன்.

"தின்னுத் தொலைய்யா!" என்று கத்தினேன்.

இருட்டுக்குள்ளிருந்து நடுவர்கள் கைதட்டினார்கள்.