தீராத விறகும் வற்றாத தண்ணீரும்

குணரத்தினம் மாஸ்டர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் ‘தீர்ந்துபோவது’ என்று எழுதி, நிலக்கரியையும் எண்ணெயையும் அதற்குள் தள்ளினார். வலப்பக்கம் ‘தீராதது’ என்று எழுதி, வெயில், காற்று, நீர், விறகு நான்கையும் குடியேற்றினார். யாழ்ப்பாணத்திலிருந்து பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கோடு ஓர் அங்குலம் விலகியதில்லை. மீளப் புதுப்பிக்கத்தக்க சக்தி என்றால் எவ்வளவு எடுத்தாலும் தீராத சக்தி என்று அவர் சொல்ல, பத்தாம் வகுப்பு எழுதிக்கொண்டது. கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. கேட்டவர்கள் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

பாடம் பலகையோடு நின்றிருந்தால் பரீட்சையில் ஒரு புள்ளி குறைவதோடு போயிருக்கும். மாஸ்டரே தோட்டத்து மின்சாரச் சங்கத்துக்கும் தலைவராக இருந்ததுதான் வினை.

1999இல் மலையுச்சிக் காட்டு ஊற்றிலிருந்து இறங்கும் ஓடையில் சின்னதாக ஒரு டர்பைன் வைத்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் முப்பது வீட்டுக்கு இரண்டிரண்டு பல்ப் கொடுத்திருந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஜோசப்பினுக்கு அந்த பல்ப் ஆடம்பரமல்ல. அதற்கு முந்திய வருடம் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு கவிழ்ந்து அவளுடைய மகள் அனோஜாவின் கழுத்தும் தோளும் வெந்துபோயின. இனிக் குப்பி லாம்பு வீட்டுப்படி ஏறக்கூடாது என்பது அவளுடைய ஒரே பிடிவாதம். மாஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. அவருடைய குவார்ட்டர்ஸுக்கு அரசாங்க மின்கம்பி வந்திருந்தது.

2001இல் எண்ணெய் விலை ஏறியதும், தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்பை விறகுக்கு மாற்றத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முடிவெடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஊற்றைச் சுற்றிய காடுதான். அதில் கைவைக்கச் சங்கத்தின் சம்மதம் வேண்டும் என்று டர்பைன் வைத்தபோதே எழுதி வைத்திருந்தார்கள்.

தொழிலாளர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் கூடியது. தொட்டில்களுக்கு நடுவே நின்று மாஸ்டர் ஒரு மணி நேரம் முழங்கினார். உலகமே எண்ணெய் தீரப்போகிறதென்று தலையில் கைவைத்திருக்க, நமது தோட்டம் தீராத விறகுக்கு மாறி வழிகாட்டப்போகிறது என்றார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மாயாண்டி விளங்காத இடத்திலெல்லாம் பலமாகத் தலையாட்டினார். தலை ஓயவேயில்லை.

ஜோசப்பின் எழுந்தாள். “மாஸ்டர், அந்தக் காட்டு நெழல்லதான் ஊத்து கெடக்கு. மரத்த வெட்டுனா தண்ணி நிக்காதுங்க.”

“நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?”

“அஞ்சு.”

“அப்ப இரும். மரமும் புதுப்பிக்கத்தக்கது, தண்ணியும் புதுப்பிக்கத்தக்கது. ரெண்டும் தீராது. இது விஞ்ஞானம், லயத்துக் கதையில்லை.”

மாயாண்டிதான் முதலில் சிரித்தார். சம்மதம் கேட்டு வந்த துரையின் கடிதத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே தமது பட்டத்தையும் மறக்காமல் எழுதினார்.

எட்டு மாதத்தில் அடுப்பு பாதிக் காட்டைத் தின்று முடித்தது. மழைக்கு மொட்டை மலையிலிருந்து சேறு இறங்கி வாய்க்காலை அடைத்தது. ஆட்கள் அதை வழித்தெடுத்தார்கள். வழமையாக மாசி வெயிலிலும் முழங்காலளவு ஓடும் தண்ணீர், அந்த மாசியில் விரல் தடிப்புக்கு வந்தது. பல்புகள் முதலில் மஞ்சளாகி, பிறகு சிவந்து, ஒரு வாரத்தில் அணைந்தன. ஜோசப்பின் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்தாள். அனோஜா லாம்பு இருந்த அறைக்குள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள்.

மிச்சக் காட்டையும் கேட்டுத் துரையின் இரண்டாவது கடிதம் வந்தது. மறுபடி கூட்டம். மாஸ்டர் பேனாவைத் திறந்துகொண்டே வந்தார்.

“மழை போதாமப் பிழைச்சுப் போச்சுது. அதுக்கு நான் என்ன செய்யிறது? வெட்டின மரம் திரும்ப வளரும், தண்ணியும் திரும்ப வரும்.”

“எத்தன வருசத்துல, மாஸ்டர்?” என்றாள் ஜோசப்பின்.

மாஸ்டர் அவளை உட்காரச் சொன்னார். கூட்டத்தில் ஒழுங்கு வேண்டும் என்றார். அவள் உட்காரவில்லை.

“நான் படிக்காதவதாங்க. எனக்குத் தெரிஞ்சது கொழுந்து. இன்னைக்குப் பறிச்ச மலைக்கு ஏழு நாள் விட்டுத்தான் திரும்பப் போறோம். மறுநாளே போனா கொழுந்து இருக்காது. தெனமும் போய் உருவுனா செடியே இருக்காது. விட்டு வைக்கிறதாலதான் அது திரும்ப வருது. மரத்துக்கு ஏழு நாள் பத்துமா? முப்பது வருசம் நின்னத உங்க அடுப்பு ஒரு நாள்ல தின்னுது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்மதமில்லாதவர்கள் கை தூக்கும்படி யாரும் கேட்காமலே பின்வரிசையில் கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்த மாயாண்டி, காற்று மாறியதைக் கண்டு தமது கையையும் தூக்கினார். மாஸ்டர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, படிக்காத சனத்தோடு கதைத்துப் பயனில்லை என்று முணுமுணுத்தபடி புறப்பட்டார். வாசலில் ஜோசப்பின் வழிமறித்தாள்.

“புதுப்பிக்கத்தக்கதுன்னா தீராததுன்னு அர்த்தமில்ல, மாஸ்டர். அது வளர்ற வேகத்துக்கு மேல நாம எடுக்காத வரைக்குந்தான் அது தீராது. இத பிள்ளைகளுக்கு எழுதிக் குடுங்க. எங்க வீட்டுக்கு வெளிச்சம் வர இனி எத்தன வருசமாகும்னும் சேத்து எழுதுங்க.”