காடிக்கு அடியில் வினிஃப்ரெட்

மரியநாதன் திரும்பி வந்தபோது அவனை முதலில் அடையாளம் கண்டது அவன் மனைவி வினிஃப்ரெட் அல்ல, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். மரவள்ளிப் பாத்தியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள்.

"வினிஃப்ரெட்டு, ஒன் வீட்டுக்காரரு மாதிரி இருக்கு. ஓடியா!"

ரப்பர் மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் முகம் ஊதியிருந்தது. கால்கள் முழங்கால்வரை வீங்கித் தோல் பளபளத்தது. கடலோரத்தில் குழி வெட்ட ஜப்பான்காரர்கள் அவனைக் கொண்டுபோய் மழைக்காலம் ஒன்று முழுதாகக் கழிந்திருந்தது. இனி மண்வெட்டி தூக்க மாட்டான் என்று தெரிந்ததும் விரட்டிவிட்டிருந்தார்கள். வினிஃப்ரெட் அவனைத் தாங்கி வீட்டுக்குள் கூட்டிப்போனாள். காலில் அவள் விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

இரவில் அவனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைத்தான். அவர்கள் ஊரான மாசாயில் அப்போது டாக்டர் யாரும் இல்லை. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் சொல்லவில்லை. பஸ் நின்று வெகுநாளாயிற்று. மாட்டுவண்டிகளை மாட்டோடு பட்டாளம் எடுத்துக்கொண்டது.

மரியநாதனுக்குச் சொந்தமாக ஒரு கார் இருந்தது. சண்டைக்கு முன்னால் மாசாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே டாக்சியாக ஓட்டிய சின்னக் கறுப்புக் கார்; ஊர்ப் பேச்சில் காடி. அதன் வயிறு தரையை ஒட்டியிருக்கும். ஜப்பான்காரன் வருகிறான் என்று கேட்டதும் அதை ரப்பர் காட்டுக்குள் ஓட்டி ஒளிக்கப்போய், ஓர் அடிமரக் கட்டை எஞ்சினுக்குக் கீழே இருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கிழித்துவிட்டது. பிறகு வந்த சிப்பாய்கள் ஜாக்கியையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு, எண்ணெய் ஒழுகிக் காய்ந்த காரை ஓடாத வண்டி என்று விட்டுப்போனார்கள்.

"அந்தத் தொட்டியக் கழட்டி எடுத்தா போதும். தகரக் கடை சீனன் ஈயம் வச்சு ஒட்டிருவான்" என்றான் மரியநாதன். பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது. "ஆனா அடியில படுத்துத்தான் கழட்டணும்."

அவனால் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாது. காரோட்டத் தெரிந்த இன்னொருவன் தோட்டத்து லாரிக்காரன் காளியப்பன். பகல் முழுக்க அவனுக்கு ஜப்பான்காரன் வேலை. இருட்டில் செய்யலாமென்றால் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை.

"நான் படுக்கிறேன்" என்றாள் வினிஃப்ரெட்.

மரியநாதன் அவள் கைகளைப் பார்த்தான். பிறகு, "நான் சொல்றபடி செய்வியா? ஒரு எழுத்து மாறாம?" என்று கேட்டான்.

மறுநாள் காலை காளியப்பன் வேலைக்குப் போகும் முன் ஆள் சேர்த்து, டயருக்கு சைக்கிள் பம்பால் காற்றடித்து, காரைக் காட்டிலிருந்து தள்ளி வீட்டுப் பக்கத்துக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். மரியநாதனை நாற்காலியோடு தூக்கிவந்து அதன் எதிரே உட்கார வைத்தார்கள்.

வினிஃப்ரெட் அவசரத்தில் இருந்தாள். ரப்பர் உலர்த்தும் இடிந்த புகைக்கொட்டகையிலிருந்து செங்கற்களைச் சுமந்துவந்து அடுக்கினாள். அவன் கையை ஆட்டினான்.

"செங்கல் வேணாம்."

"ஏன்? இதவிடக் கெட்டியா எங்க போய்த் தேடுறது?"

"செங்கல் சொல்லாமக் கொள்ளாமப் பொடிஞ்சிரும். மரக்கட்டை கொண்டா. மரம் உடையறதுக்கு முன்னால சத்தம் போடும்."

"ராத்திரி பூரா நீங்க மூச்சுக்கு முட்டுறத நான்தான பாத்துக்கிட்டு இருக்கேன்? இன்னைக்கே முடிச்சா நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில இருப்பீங்க. கட்டை தேடிக்கிட்டு இருந்தா ஒரு நாள் போயிரும்."

"போகட்டும்."

"போறது யாரு உயிரு?" என்று அவள் கத்திவிட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். "ஜொகூர் பாரு டாக்சி ஸ்டாண்டுல மணியம்னு ஒருத்தன் இருந்தான். அஞ்சு நிமிச வேலைன்னு வெறும் ஜாக்கிய நம்பி உள்ள போனான். நாங்க எட்டுப் பேரு சேந்து தூக்கினோம். தூக்கி என்ன பண்றது? வினி, நான் பொழைச்சு வந்து ஒன்ன அப்படிப் பாக்கணுமா?"

அவள் செங்கற்களை எட்டித் தள்ளிவிட்டு அழுதுகொண்டே போனாள். உடைந்த மரப்பாலத்தின் சட்டங்களைப் பேச்சியம்மாளும் அவளும் சேர்ந்து அறுத்துத் துண்டுகளாக்கினார்கள். அதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிரவும் மரியநாதன் உட்கார்ந்தே இருந்தான். வினிஃப்ரெட் அவனோடு பேசவில்லை. ஆனால் முதுகுக்கு அண்டக்கொடுத்துத் தானும் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் வேலை தொடங்கியது. கைபிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்து அடித்தாள். ஒரு கட்டையைத் தரையில் கிடத்தி, நீளமான சட்டத்தை அதன்மேல் வைத்து, நுனியை முன் அச்சுக்குக் கீழே நுழைத்தாள். பேச்சியம்மாள் சட்டத்தின் மறுமுனையில் ஏறி உட்கார்ந்தாள். கார் முனகிக்கொண்டு நான்கு விரல் உயர்ந்தது. வினிஃப்ரெட் ஒரு கட்டையை அடியில் தள்ளினாள்.

"கைய நுழைக்காத, குச்சியால தள்ளு" என்றான் மரியநாதன். "போதும். இப்ப அடுத்த பக்கம். ஒரே பக்கத்த ஏத்திக்கிட்டே போனா சரிஞ்சிரும்."

இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கார் மெல்ல எழுந்தது. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கட்டைகள் ஏறின. மூன்றாவது முறை வலப்பக்கம் தூக்கியபோது சட்டம் வழுக்கியது. பேச்சியம்மாள் மண்ணில் விழுந்தாள். கார் தடாலென்று கட்டை அடுக்கின்மேல் இறங்கிக் குலுங்கியது. அடுக்கு அசையவில்லை. குச்சி மட்டும் வினிஃப்ரெட்டின் கையிலிருந்து பிடுங்கப்பட்டு நடுவில் ஒடிந்து கிடந்தது.

பேச்சியம்மாள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து, மறுபடி சட்டத்தில் ஏறினாள். அவள் கணவன் ஐயாசாமியை சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு தகவலும் இல்லை.

கார் வேண்டிய உயரத்துக்கு வந்ததும் மரியநாதன் உடனே உள்ளே போகவிடவில்லை. உபரிச் சக்கரத்தையும் கழற்றிக் காரின் இரும்பு அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கப்போடச் சொன்னான். பிறகு, "ரெண்டு பேரும் சேந்து காடியத் தள்ளுங்க. கோபத்தோட தள்ளுங்க" என்றான். இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கார் நின்ற இடத்தில் நின்றது.

"இப்பப் போ."

வினிஃப்ரெட் கோணிப்பை விரித்து அடியில் ஊர்ந்தாள். முகத்துக்கு ஒரு சாண் மேலே கறுப்பு இரும்பு. பழைய எண்ணெயும் மண்ணும் கண்ணில் உதிர்ந்தன. சிலுவை போட்டுக்கொள்ளக் கையை உயர்த்தினாள், முழங்கை இடித்தது.

"ஓரத்துல வரிசையா போல்ட்டு தெரியுதா? ஒவ்வொண்ணா இளக்கு. ஒண்ண மட்டும் முழுசாக் கழட்டாத."

அவள் ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். விரல் முட்டிகள் உரிந்தன. சில போல்ட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. வெளியிலிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. பின்பு இடைவெளி நீண்டது.

"ஏங்க!"

பதில் இல்லை.

"ஏங்க! பேசிக்கிட்டே இருங்க. எதாவது பேசுங்க."

"இருக்கேன்" என்றது குரல். "மூச்சு வாங்கிக்கிறேன். நீ திருகு."

"சும்மா இருக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவன் தன் சவாரிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். கோழிக் கூண்டோடு ஏறிய மலாய்க்காரப் பாட்டியை, கல்யாணத்துக்குத் தாமதமான மாப்பிள்ளையை, மழையில் டயர் புதைந்த ஒரு திருநாளை. ஒவ்வொரு கதையும் பாதியில் நின்று, அவள் கூப்பிட்டதும் மறுபடி தொடங்கியது. தொட்டி கழன்று அவள் மார்பில் இறங்கியபோது அவன் ஏதோ சவாரியின் நடுவில் இருந்தான்.

மாலையில் காளியப்பன் தொட்டியைத் தகரக் கடைக்கு எடுத்துப்போய் ஒட்டிக்கொண்டு வந்தான். அடுத்த நாள் வினிஃப்ரெட் அட்டையை வெட்டி எண்ணெயில் ஊறவைத்து, இடையில் வைத்துத் தொட்டியைத் திரும்ப மாட்டினாள். எஞ்சின் எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெயை ஊற்றினார்கள். ரப்பரைக் காய்ச்சி வடித்த பெட்ரோல் ஒரு டின் காளியப்பன் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

காரைக் கீழே இறக்குவதும் ஏற்றியது போலவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்தது. அது முடிந்தபோது மரியநாதன் வினிஃப்ரெட்டின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். "எல்லாம் இருக்கு" என்றான்.

மறுநாள் விடிந்ததும் காளியப்பன் லாரி பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினான். கார் இருமிவிட்டுக் கிளம்பியது. மரியநாதனைப் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். வினிஃப்ரெட் பக்கத்தில் அமர்ந்தாள். செம்மண் மேட்டில் கார் ஏறியபோது அவன் காதைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டான்.

"தட்டல் இல்ல. நல்லா மாட்டியிருக்க."

ஜொகூர் பாருவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் ரோட்டில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். காளியப்பன் இறங்கிக் குனிந்து வணங்கினான். பின்சீட்டில் நோயாளியைக் காட்டி, மலாயில் "சாக்கிட், துவான். ஹோஸ்பிடல்" என்று கெஞ்சினான். சிப்பாய்களில் ஒருவன் மரியநாதனின் காலைப் பார்த்தான். இன்னொருவன் மண்டியிட்டுக் காரின் அடியில் பார்த்தான். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. எழுந்து மற்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"துருன்! துருன்!" என்று கதவைத் தட்டினான்.

இறங்கச் சொல்கிறான் என்று வினிஃப்ரெட்டுக்குப் புரிந்தது. அவள் இறங்கவில்லை. துப்பாக்கிக் கட்டை தோளில் இறங்கிய பிறகுதான் இறங்கினாள். காளியப்பன் மரியநாதனைத் தூக்கிப் புல்லில் உட்கார வைத்தான். சிப்பாய் காரில் ஏறித் திருப்பி ஓட்டிக்கொண்டு போனான். சத்தம் மறையும்வரை மரியநாதன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடு" என்றான் அவளிடம். "அழாத."

"பேட்டரிக்கு நான் என்னண்ணே பதில் சொல்வேன்?" என்றான் காளியப்பன். கொஞ்ச நேரத்தில் காய்கறித் தள்ளுவண்டியோடு ஒரு சீனக் கிழவன் வந்தான். கீரைக்கட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கி இடம் கொடுத்தான். மூவருமாகத் தள்ளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது.

அங்கே கட்டில் இருந்தது, மருந்து இல்லை. இது பெரிபெரி, சத்துக் குறைவால் வரும் வீக்கம், ஊசி போட்டால் வடியும், ஊசி வருவது நின்று போயிற்று என்று டாக்டருக்கு உதவியாளரான டிரஸர் சொன்னார். தவிட்டைக் கஞ்சியாக்கிக் கொடுத்தார். மரியநாதன் அதைக் குடித்தான். இரண்டு நாள் கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தான். மூன்றாம் நாள் பிற்பகல், வினிஃப்ரெட் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, உட்கார்ந்தபடியே இறந்துபோனான். பெட்டிக்குப் பலகை கிடைக்காததால் பாயில் சுற்றிப் புதைத்தார்கள். சாமியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். அவருக்கு அன்று வேறு அடக்கங்களும் இருந்தன.

கட்டையைத் தேடிய அந்த ஒரு நாளை வினிஃப்ரெட் பலமுறை நினைத்துப் பார்த்தாள். அந்த நாளை மிச்சப்படுத்தியிருந்தாலும் இதே தடுப்பும் இதே தவிட்டுக் கஞ்சியும்தான் என்று பின்னாளில் காளியப்பன் சொன்னான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்று காலை அவனைப் பார்த்துக் கத்திய வார்த்தை அவளை விடவில்லை.

காளியப்பன் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே திரும்பிப் போயிருந்ததால், அடக்கம் முடிந்து அவள் தனியாக நடந்து மாசாய்க்கு வந்தாள். பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவளைத் தனியாகக் கண்டதும் எதிரே நடந்து வந்தாள். கைப்பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், வெந்த கிழங்கைத் தோலுரித்து முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு."

"வேணாம்கா."

"எனக்கும் எறங்கல. ஒக்காந்து ரெண்டு பேருமா பாப்போம்" என்றாள் பேச்சியம்மாள். "நாளைக்கு ஒன் பாய் தலகாணிய இங்க கொண்டாந்துரு. தனித்தனியா அடுப்பு மூட்ட வெறகும் இல்ல, மனசும் இல்ல."

வினிஃப்ரெட் ஒரு துண்டு கிழங்கை எடுத்து வெகுநேரம் மென்றாள். ஜப்பான்காரன் போகும்வரை இருவரும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். ஐயாசாமியும் சயாமிலிருந்து திரும்பி வரவில்லை.