முப்பத்திரண்டில் அறுந்த பேச்சு

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடமாக டெலிபோன் பார்க்கிறவன் செங்குட்டுவன். ராயபுரம் தலைமை ஆபீசில் போன் செத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். 2006இல் கம்பெனி இரண்டு இடத்துக்கும் நடுவே இன்டர்நெட் வழியாகப் பேசும் புதுப் போன் போட்டது. சில நாளில் பேச்சு பாதியிலேயே அறுந்துபோக ஆரம்பித்தது. "உப்புக் காத்து சார், ஒயர அரிச்சிடுச்சு" என்று சொல்லி மூன்று நாள் கேபிள் மாற்றிப் பார்த்தான். சரியாகவில்லை.

நான்காம் நாள் மேனேஜர் சவரிநாதன், ராயபுரத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன கார்குழலியிடம் அதை ஒப்படைத்தார். எம்.கே.பி. நகர்ப் பெண். ராயபுரத்திலிருந்து அவள் போன் போடுவாள். எண்ணூரில் செங்குட்டுவன் எடுத்து, எத்தனை நொடி ஓடுகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

"ண்ணா, கட்டாவுற வரைக்கும் எண்ணிக்கினே இருங்க."

"நான் எண்ணணும், நீ நோட்டுல எழுதணும். நல்லா கீதும்மா."

ஆறு தடவை போட்டாள். ஆறும் முப்பத்திரண்டில் அறுந்தன. அரித்த ஒயர் கடிகாரம் பார்த்து அறுக்காது என்பது அவனுக்கு அப்போதே உறைத்தது. கோளாறு செட்டிங்கில். மூன்று நாளில் தனக்கு ஒருதரம்கூட எண்ணத் தோன்றவில்லையே! ஏழாவது தடவை எடுத்ததும், சவரிநாதன் அவளிடம் சொல்வது போனில் கேட்டது: "டீய குடிச்சிட்டுப் பாரும்மா." பதினோரு வருடத்தில் அவனிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. வயிறு எரிந்தது.

பத்தொன்பது எண்ணியதும் அவனே போனை வைத்தான். எட்டாவதில் பதினொன்றிலேயே வைத்தான்.

ஒன்பதாவது மணி அடித்தது. எடுத்தான்.

"ண்ணா, தானா கட்டாவறதும் ஆளு வெக்கிறதும் ஸ்கிரீன்ல வேற வேறயா தெரியுது."

கை பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் வெச்சேன்" என்றான்.

"எதுக்குண்ணா?"

"நீ கண்டுபுட்ச்சிடுவியேன்னு."

"அந்த ரெண்டையும் நோட்டுலேருந்து அடிச்சிட்டேன். உங்க போன் பெட்டி தன்னோட நெட் அட்ரஸ்னு இன்னா நம்பர் காட்டுது? படிங்க."

படித்தான். போன வாரம் மாற்றிவிட்ட பழைய எண் அது. ராயபுரம் அனுப்பும் பதிலெல்லாம் அந்த எண்ணுக்குப் போய்த் தொலைய, எண்ணூர்ப் பெட்டி முப்பத்திரண்டு நொடி காத்திருந்து பார்த்துவிட்டுப் பேச்சை அறுத்துக்கொண்டிருந்தது. புது எண்ணைப் போடாமல் விட்டவன் அவன்தான்.

திருத்தினான். அடுத்த அழைப்பு முப்பத்திரண்டைத் தாண்டியது, நூறைத் தாண்டியது. அவள் போதும் என்ற பிறகும் எண்ணிக்கொண்டிருந்தான்.

சவரிநாதன் கேட்பது போனில் விழுந்தது: "யாரும்மா சரி பண்ணது?"

"ரெண்டு பேரும்தான் சார்."

நான்தான் என்று அவள் பீற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். இது தாங்கவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து ராயபுரம் போனான். அவள் மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எரிச்சல் அடங்கியிருக்கவில்லை.

"அந்த ஸ்கிரீன்ல இன்னா இன்னா தெரியும்? அல்லாத்தையும் காட்டு. சிரிக்காம காட்டு."